ஐம்பத்து நான்காம் பக்கத்துக்கு ஒரு பல்கண்ணாடி

எங்கள் கால்ட்பர்க் நகர நூலகம் திறந்து தொண்ணூற்றொன்பது வருடம் ஆகிறது. அதற்குள் போய் ஒரு புத்தகத்தை வாசித்த முதல் மனிதன் நான்தான்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாதிரியார் நம்பவில்லை, நம்புவதையே தொழிலாக வைத்திருப்பவர் அவர். போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுப் பன்றி, பன்றி வெட்டும் மாதமான நவம்பர் வந்ததும், தானாகவே வீட்டை விட்டு ஓடி, ரயில் ஏறி, எல்லை தாண்டிவிட்டது என்று நான் சொன்னதை முக்கால்வாசி நம்பிய தபால்காரர்கூட இதை நம்பவில்லை. எல்லாருக்கும் மேலாக, என் நண்பன் குஸ்தாவ் பைண்டர் நம்பவில்லை. குஸ்தாவ் எங்கள் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரயில் வந்து நின்று, ஆட்கள் இறங்கி வீட்டுக்குப் போன பிறகும், கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் அது வந்ததாக ஒப்புக்கொள்வான்.

நான் நாற்பத்தோரு வருடம் பல் வைத்தியம் பார்த்தவன். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடக்க, நான் மட்டும் பேசிப் பழகிவிட்டேன். அதனால் நான் சொல்லும் எண்ணிக்கைகளில் பாதியைக் கழித்துக்கொள்வது ஊர் வழக்கம். இந்தக் கதையில் கழிக்க ஒன்றுமில்லை.

விஷயம் ஒரு எழுத்தில் தொடங்கியது.

என் மனைவி ஹெர்மினாவின் தாத்தா டானியல் கொன்னர்ட் பள்ளி ஆசிரியர். 1912-இல் 'வேலிக்கு அப்பால்' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். முந்நூறு பிரதி. அதில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதை அவர் மனைவி ரெகினா ஒரே குளிர்காலத்தில் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். விறகுத் தட்டுப்பாடு என்பது ஹெர்மினாவின் வரலாறு. மிச்சமிருந்த ஒன்று நூலகத்தில் இருக்கிறது. 1979-இல் அதை ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். கடைசித் தாளில் இருந்த பொருளடக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. அதில் ஐம்பத்து நான்காம் பக்கத்துக்கு நேராக ஒரு காதல் கவிதையின் தலைப்பு: என் இன்னாருக்கு என்று ஒரே ஒரு முதலெழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி.

திரான்சில்வேனியாவில் எங்களைப் போன்ற பழைய குடும்பங்கள் பேசுவது ஜெர்மன். அந்தக் காலத்து ஜெர்மன் அச்சு, கறுப்பாக, முள்முள்ளாக இருக்கும். பெரிய எழுத்துகள் சிலது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல. ஒரு வால் நீண்டால் ஒன்று, சுருண்டால் இன்னொன்று. ஹெர்மினா பார்த்தாள், 'ர' என்றாள். ரெகினா, தன் பாட்டி. அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த குஸ்தாவ் 'க' என்றான். கரோலினா, மருந்துக்கடைக்காரர் மனைவி, அவன் பாட்டி. வாத்தியார் வீட்டு வேலிக்கு அப்பால் இருந்தது மருந்துக்கடைத் தோட்டம்தான் என்றும் சேர்த்துச் சொன்னான்.

அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருடம் குஸ்தாவ் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. ஹெர்மினா அவனைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட மாட்டாள். "அந்த ரயில்" என்பாள்.

நாங்கள் இருவரும் தினமும் மத்தியானம் மதுக்கடையில் உட்கார்ந்து 'அறுபத்தாறு' சீட்டு ஆடினோம். பாட்டிகளுக்காக நடந்த சண்டையால் எங்களுக்குக் கிடைத்த நன்மை என்று அதைச் சொல்லலாம். ஆனால் போன கோடையில் மதுக்கடைக்காரர், அக்டோபர் முதல் தேதியோடு கடையை மூடி, மகனோடு இருக்க ஸ்டுட்கார்ட் போவதாக அறிவித்தார். குஸ்தாவ் இருப்பது மகள் வீட்டில். மாப்பிள்ளை டிராம்போன் ஊதப் பழகுகிறார். எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது, மேசை இருக்கிறது, பிளம் சாராயம் இருக்கிறது, கூடவே ஹெர்மினாவும் இருக்கிறாள். எழுபத்திரண்டு வயதில் புதிய நண்பன் தேடுவது புதிய பல் முளைக்கக் காத்திருப்பதுபோல. திரான்சில்வேனியாவின் குளிர்காலம் ஐந்து மாதம். அந்த எழுத்து என்னவென்று தெரியாவிட்டால் எனக்கு நண்பன் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

புத்தகத்தைப் போய் வாசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

குஸ்தாவ் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டேய் ஓட்மார், அந்த நூலகத்துல நுழையலாம், தும்மலாம், நன்கொடை குடுக்கலாம். வாசிச்சேன்னு ஒருத்தன் வந்து சொல்லட்டும், நான் என் தொப்பியத் தின்னுடறேன்."

அவன் சொன்னதில் பாதி அநியாயம். தும்ம அனுமதி இல்லை.

நூலகத்தின் ஜெர்மன் அறையில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு புத்தகங்கள். எல்லாம் அந்தப் பழைய காலத்து அச்சு. அப்போதெல்லாம் அச்சகத்தில் தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்றுவிடுவார்கள். ஓரங்களை வெட்ட மாட்டார்கள். வாங்கியவன்தான் கத்தி எடுத்து மடிப்பு மடிப்பாக வெட்டி வாசிக்க வேண்டும். கத்தி படாத புத்தகத்தில் நாலு பக்கம் தெரியும், பன்னிரண்டு பக்கம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்திலும் கத்தி பட்டதில்லை. கதவுக்கு மேலே முதல் நூலகர் டிராவ்கோட் குனேஷின் எண்ணெய் ஓவியம். இறுகிய தாடை, அழுத்திக் கடித்த பற்கள். அதன் கீழே 1912-இல் அவர் எழுதிய விதி பித்தளையில்: எந்த நூலின் எந்தத் தாளும் எக்காலத்தும் வெட்டப்படலாகாது.

வாசக அறையைக் காவல் காக்கும் வியோரிகா அம்மாள் எனக்கு ஒரு படிவம் கொடுத்தார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: பார்வையிட, முகர, வியக்க, தூசு தட்ட. கீழே 'பிற' என்று ஒரு கோடு. அதில் 'வாசிக்க' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எழுத்துப்பிழையா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய் சன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார்.

"டாக்டர், நீங்க என் அம்மாவுக்குப் பல் கட்டினவர். அந்த மரியாதைக்காகச் சொல்றேன். இத கிழிச்சுப் போட்டுட்டு 'வியக்க'ன்னு டிக் பண்ணுங்க. எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

நான் மறுத்தேன். அதன் பிறகு மூன்று வாரம் எனக்குப் பயிற்சி. முதல் வாரம் மரத்தில் செய்த ஒரு புத்தகத்தை மேசையில் வைத்து, தொடாமல் அதன் முன்னே உட்காரச் சொன்னார்கள். பதினெட்டு பேர் இருந்த வகுப்பு. புக்காரெஸ்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் இரண்டாம் நாளே பொறுமையிழந்து மரப் புத்தகத்தைத் திறக்க முயன்றதால் விலக்கப்பட்டார். இரண்டாம் வாரம் மூச்சு. ஜெர்மன் அறையில் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் அனுமதி. ஈரம் தாளுக்கு ஆகாது. மூன்றாம் வாரம் கையுறை. என்னிடம் நாற்பத்தோரு வருடக் கையுறை அனுபவம் இருப்பதைச் சொன்னேன். அது வாய்க்கான அனுபவம், நூலுக்கு வேறு என்றார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. முதல் கேள்வி: 'ஒரு நூலின் உள்ளடக்கம் குறித்து உங்களுக்கு ஆர்வம் எழுந்தால் யாரிடம் தெரிவிப்பீர்கள்?'

தேறியவர்களில் நான் இரண்டாவது. முதலாவது வந்தவருக்கு எழுதவே தெரியாது.

அதற்குப் பிறகுதான் இயக்குநர் டாக்டர் ஔரெல் பர்சானைப் பார்க்க விட்டார்கள். குண்டான, மென்மையான மனிதர். கடைவாயில் இரண்டு தங்கப் பல், நான் வைத்ததல்ல. எனக்குக் காப்பி கொடுத்து, தன் மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"டாக்டர், மனசு விட்டுப் பேசுவோம். ரெண்டு உலகப் போர் வந்துச்சு. ராஜா போனாரு. கட்சி வந்துச்சு, கட்சியும் போச்சு. எவ்வளவோ பேர் துப்பாக்கியத் தூக்கிட்டு இந்தக் கதவு வழியாப் போனாங்க. ஒருத்தன் வாசிச்சானா? காட்டுமிராண்டிங்க காப்பாத்திக் குடுத்த பொக்கிஷம் இது. படிச்ச மனுஷன் நீங்க வந்து வாசிச்சுக் கெடுக்கலாமா?"

புத்தகம் வாசிப்பதற்குத்தானே என்று கேட்டேன்.

அவர் என் முழங்கையைத் தொட்டார். "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. மேற்கே பெரிய பெரிய நூலகத்துல இதே காலத்துப் புஸ்தகம் இருக்கு, எல்லாத்தையும் வெட்டிட்டான். இப்ப அது என்ன? வெறும் புஸ்தகம். நம்மகிட்ட இருக்கிறதுதான் அபூர்வம். ஏன் அபூர்வம்? உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுட்டா அபூர்வம் எங்க போகும்?"

அவருக்கு ஜெர்மன் தெரியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன், ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு வார்த்தை தெரியாது. அதுதான் என் தகுதியே. இந்த வேலைக்கு பதினோரு பேர் வந்தாங்க. பத்துப் பேருக்கு ஜெர்மன் தெரியும். வாசிக்கத் தெரிஞ்சவன் கையில சாவியக் குடுப்பாங்களா? பூனைகிட்டயா பாலுக்குக் காவல்?"

அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு ஆரோக்கியமான ஈறு உள்ள மனிதர் பொய் பேச மாட்டார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். தேர்வில் தேறிவிட்டதால் புத்தகத்தின் முன்னே என்னைக் கால் மணி நேரம் உட்கார வைக்காமல் இருக்க முடியாது. வெட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது, மடிப்பை விரிக்கக் கூடாது. கூடவே 'இரண்டாம் வாசகர்' ஒருவர் இருக்க வேண்டும். முதலாம் வாசகர் வாசித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என்னை எதிலும் நம்பாத ஆளாக இருந்தால் நல்லது என்றார்.

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும்.

செப்டம்பர் இருபத்தொன்பது, காலை பத்து மணிக்கு நானும் குஸ்தாவும் போனோம். குஸ்தாவ் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். புத்தகத்தை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். என் உள்ளங்கை அளவு இருக்கும். வெல்வெட் மெத்தையில் வைத்தார்கள். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். வியோரிகா அம்மாள் என் மூச்சை எண்ண ஆரம்பித்தார்.

நான் சட்டைப் பையிலிருந்து என் பல்கண்ணாடியை எடுத்தேன். நீளக் கம்பியின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி. கடைவாய்க்குப் பின்னால் பார்க்கிற சாமான். வியோரிகா அம்மாள் ஓடிப்போய் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். கத்தி தடை, ஊசி தடை, நகம் தடை, தலைவாரும் சீப்பு தடை. கண்ணாடிக்குத் தடையில்லை. இயக்குநர் விதியை மூன்று தரம் படித்தார். விதி தடுக்காததைத் தடுப்பது விதி மீறல் என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

குஸ்தாவைச் சின்ன விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். மேல் ஓரம் மடிப்பு, பக்க ஓரமும் மடிப்பு. கீழே மட்டும் திறப்பு. நோயாளி லேசாக வாயைத் திறந்த மாதிரிதான். கண்ணாடியை அடியிலிருந்து மெல்ல உள்ளே விட்டேன். வெளியே எடுக்கும்போது தாளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். கண்ணாடியில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், எனக்கென்ன? நாற்பத்தோரு வருடம் உலகத்தையே அப்படிப் பார்த்துப் பிழைத்தவன்.

முதலில் பக்க எண் தெரிந்தது. ஐம்பத்து நான்கு. பிறகு தலைப்பு. அந்த எழுத்து.

ரகரமும் இல்லை, ககரமும் இல்லை.

அந்த முள்முள் எழுத்துக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு பிள்ளை உண்டு. வால் நீளவும் நீளாது, சுருளவும் சுருளாது, உள்ளே மடங்கிக்கொள்ளும். 'ந'. என் ந.வுக்கு. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் முதல் அடியிலேயே வாத்தியார் அவள் பெயரை முழுசாகப் போட்டிருந்தார்:

*நானெட்டே, உன் கணவன் நூலுக்கெல்லாம் எண் போடுகிறான்;*
*நீ வராத என் மாலைகளுக்கு யார் எண் போடுவது?*

நூலுக்கு எண் போடுகிறவன் இந்த ஊரில் அன்றைக்கு ஒருவன்தான். நான் கண்ணாடியைப் பிடித்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தேன். டிராவ்கோட் குனேஷ் கதவுக்கு மேலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தத் தாடை எதற்காக அப்படி இறுகியிருக்கிறது என்று இப்போது புரிந்தது. ஒரு புத்தகத்தை மட்டும் வெட்டாதே என்று சொன்னால் ஊர் சிரிக்கும். எல்லாப் புத்தகத்தையும் வெட்டாதே என்றால் அது பண்பாடு. பாவம், ஒரு மனிதன் தன் மனைவியை ஒளித்து வைக்க ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு புத்தகங்களை மூடி வைத்திருக்கிறான்.

குஸ்தாவ் விளக்கைக் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனான். அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கண்டதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் நாட்காட்டியை எடுத்துப் புரட்டினார். அடுத்த மாதம் அமைச்சகத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். நூறு வருடம் வாசிக்கப்படாத ஐரோப்பாவின் ஒரே தொகுப்பு என்று சான்று தரப்போகிறார்களாம். நூறு வருடத்துக்கு இன்னும் சில மாதங்கள்தான் பாக்கியாம்.

"நடந்தது வாசிப்பா இல்லையான்னு நாமதான் முடிவு பண்ணணும், டாக்டர்," என்றார். "பக்கம் திறக்கல. திறக்காத பக்கத்த வாசிக்க முடியாது. ஆகவே நீங்க வாசிக்கல. உங்களுக்கு ஏதோ தோணியிருக்கு. தோணறதுக்கு இங்க தடை இல்ல."

குஸ்தாவிடம் ஒரு தாளை நீட்டினார். இரண்டாம் வாசகராகிய நான் தூசியைத் தவிர வேறெதையும் காணவில்லை என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. தேதி ஒரு வாரம் முந்தையது. குஸ்தாவ் என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து ஏன்டா என்று கேட்டேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டே, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது, தூசிதான் தெரிந்தது என்றான். எனக்கு அவன் மனசு தெரியும். கரோலினா அம்மாள் வாழ்ந்த காலத்தில் மருந்துக்கடைக்காரர் அவளிடம் பேசியதெல்லாம் அளவு பற்றித்தான்: இத்தனை சொட்டு, இத்தனை கரண்டி. அவளுக்காக யாரோ ஒருவர் ஒரு கவிதை எழுதினார் என்பது அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே நகை. அதை நான் என் பல்கண்ணாடியால் பிடுங்கப் பார்த்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஹெர்மினாவும் நம்பவில்லை. நான் விலாவாரியாகச் சொல்லி முடித்ததும், மாவைப் பிசைந்துகொண்டே, "ஏங்க, நானெட்டுன்னு ஒரு பேரக் கண்டுபிடிக்கவா மூணு வாரம்?" என்றாள். ஊரே குஸ்தாவின் கையெழுத்தைத்தான் நம்பியது. நூலகம் தன் கதவில் அறிவிப்பு ஒட்டியது: அண்மையில் வாசிப்பு நிகழ்ந்ததாகப் பரவும் வதந்திக்கு ஆதாரம் இல்லை. குழு வந்தது, புத்தகங்களின் முதுகைப் பார்த்தது, வியந்தது, சாப்பிட்டது, சான்று தந்தது.

இதற்கிடையில், அக்டோபர் முதல் தேதியே மதுக்கடையும் மூடிவிட்டது. நானும் குஸ்தாவும் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு ஆட ஆரம்பித்தோம். நவம்பரில் கையுறையோடு ஆடினோம். ராணியும் ராஜாவும் கையில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டார்கள். ஒருநாள் காற்று என் கையிலிருந்த நாலு சீட்டையும் அடித்துக்கொண்டு போய், மெடியாஷ் போகும் பேருந்தின் கூரையில் வைத்தது. குஸ்தாவ் அதையும் நம்பவில்லை. நான் மறைத்துக்கொண்டேன் என்றான். அவன் இருமல் அப்போதே நல்லதாக இல்லை.

டிசம்பர் முதல் வாரம், மத்தியானம் மூன்று மணி. பனி பெய்துகொண்டிருந்தது. குஸ்தாவின் தொப்பியில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி. ஹெர்மினா கடையிலிருந்து முட்டைக்கோசும் பையுமாக வந்தவள் எங்கள் முன்னே நின்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அவனிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"பைண்டர், நான் ஒண்ணு கேக்கறேன், ஒரே தரம். என் புருஷன் பொய்யன், எனக்குத் தெரியும். அவர் சொன்னது பொய்யின்னா, அந்த எழுத்து இன்னும் ரெண்டு பேருக்கும் நடுவுலதான் இருக்கு. நீங்க இங்கயே உக்காந்து இருமுங்க. அவர் சொன்னது நெசம்னா, எங்க பாட்டியும் ஏமாந்தா, உங்க பாட்டியும் ஏமாந்தா. ஏமாந்த வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புல குளிர் காயறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. நீங்க அங்க இருந்தீங்க. என்ன பாத்தீங்க?"

குஸ்தாவ் சீட்டுகளை ஒன்றுசேர்த்து, ஓரம் தட்டி, பெட்டிக்குள் வைத்தான். பெட்டியை மூடினான். கால அட்டவணையைத் தேடுகிறவன்போல நிறுத்தத்துக் கம்பத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இவன் ரெண்டு வரிதாம்மா வாசிச்சான்," என்றான் மெல்ல. "அப்புறம் தலையத் தூக்கி அந்தப் படத்தப் பாத்துட்டு நின்னுட்டான். விளக்கு என் கையில இருந்துச்சு, இவன் கைக் கண்ணாடி அடி அடியா கீழ நழுவிட்டே போச்சு. நான் கடைசி வரைக்கும் வாசிச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். ஹெர்மினா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கடைசில அந்தாளு எழுதியிருக்கான், 'ரெண்டு வேலிக்கு நடுவுல நின்னு மூணாவது வீட்டு விளக்கப் பாக்கறேன்'னு." குஸ்தாவ் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினான். "ஒரு வேலி உங்க வீட்டோடது. இன்னொண்ணு எங்க வீட்டோடது. ரெண்டு பக்கமும் திரும்பிக்கூடப் பாக்கல அந்தப் பாவி. ஆமாம்மா. இந்தப் பல்டாக்டர் சொன்னது அத்தனையும் நடந்துச்சு."